பரண் வேலை பாதியில் நிற்கிறது

கேள்வி: போகிக்குப் பரணைக் காலி செய்யத் தொடங்கினேன். மாமியாரின் பித்தளை அண்டா, ரசீதுக் கட்டுகள், பிள்ளைகளின் பழைய நோட்டுகள் எல்லாம் இறக்கியபடி கூடத்தில் கிடக்கின்றன. மாங்காய் சீசனே வந்துவிட்டது. மறுபடி எங்கே தொடங்குவது?
- வாசகி, காவேரிப்பட்டினம்

பதில்: அண்டாவை இப்போது தொடாதீர்கள் அம்மா. வேலை அங்கேதான் நின்றிருக்கும் என்பது என் ஊகம். காகிதத்தில் தொடங்குங்கள், அதற்கு யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். பழைய கல்யாணப் பத்திரிகை, கட்டி முடித்த கடனின் நினைவூட்டல் கடிதம் எல்லாம் எடைக்குப் போகட்டும். பட்டா நகல், வில்லங்கச் சான்று இரண்டையும் இணையத்தில் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். மூலப்பத்திரம் அப்படியல்ல. தொலைந்தால் போலீஸ் புகார், பத்திரிகை விளம்பரம் என்று அலையவேண்டும். அதனால் ஒவ்வொரு கட்டையும் தாள் தாளாகப் புரட்டிய பிறகே கடைக்காரரிடம் கொடுங்கள். பத்திரத்தை ஜவுளிக்கடைப் பைக்குள் செருகி வைக்காத வீடு நம் பக்கம் உண்டா என்ன!

நோட்டுகளைப் பிள்ளைகளே பிரிக்கட்டும்.

சரி, அண்டா? மாமியார் காபி குடிக்கும் நேரம் பார்த்து, "விற்கலாமா" என்று கேட்காமல், "யாருக்குக் கொடுக்கலாம் அத்தை" என்று கேளுங்கள். நாத்தனார் பெயரைச் சொன்னால் அன்றைக்கே ஆட்டோ பிடித்து அனுப்பிவிடுங்கள்.