1200 வாட் பவர் சப்ளை: பெட்டியை விட ஸ்டிக்கரைப் பாருங்கள்

வணக்கம். கம்ப்யூட்டருக்கு வாங்கிய 1200 வாட் பவர் சப்ளையின் பெட்டியில் சீல் கிழிந்திருந்தது, உள்ளே கேபிள் பையும் பிரித்திருந்தது, ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு நேரே 70 ஆம்பியர் என்று இருக்கிறது, மாட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாட்டாதீர்கள்.

சீல் கிழிந்ததை விட எனக்கு அந்த 70தான் உறுத்துகிறது. 12ஐ 70ஆல் பெருக்கினால் 840 வாட். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் மின்சாரம் எடுப்பது பெரும்பாலும் இந்த 12 வோல்ட் லைனில்தான். 3.3, 5 வோல்ட் லைன்கள் சேர்ந்து வழக்கமாக நூற்றுச் சொச்சம் வாட்தான் தரும். கூட்டிப் பார்த்தாலும் 1200 வராது. நல்ல 1200 வாட் யூனிட்டில் 12 வோல்ட்டுக்கு 100 ஆம்பியர் போட்டிருப்பார்கள். அட்டையில் 80 பிளஸ் கோல்டு என்று இருப்பதை வைத்து நம்பிவிட வேண்டாம். அது மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதற்கான சான்று மட்டுமே.

அப்புறம், பெட்டியில் உள்ள சீரியல் எண்ணும் யூனிட்டில் உள்ளதும் ஒன்றா பாருங்கள். ஸ்குரூ துளையைச் சுற்றிப் பெயின்ட் உரிந்திருந்தாலோ, மின்விசிறி இறக்கையில் தூசி படிந்திருந்தாலோ அது யாரோ பயன்படுத்தித் திருப்பித் தந்தது. எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, ரிட்டர்ன் தேதி முடிவதற்குள் திருப்பிவிடுங்கள்.

மாற்றி வருவதிலும் கேபிள் குறைந்தால், பழைய சப்ளையின் மாடுலர் (கழற்றி மாட்டும்) கேபிளைச் செருக வேண்டாம். சப்ளையில் செருகும் முனையில் பின்கள் (pin) இருக்கும் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். தப்பான பின்னில் 12 வோல்ட் போனால் எஸ்எஸ்டி (டேட்டா சேமிக்கும் டிரைவ்), மதர்போர்டு எல்லாம் போய்விடும்.

இன்னொன்று, 1200 வாட் முழு லோடில் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 6 ஆம்பியர் இழுக்கும். சின்ன 6 ஆம்பியர் பிளக் பாயின்ட் வேண்டாம், 16 ஆம்பியர் பாயின்ட்டில் போடுங்கள்.