நாய் கடிக்கவே இல்லை, ஆனாலும் மூன்றாவது முறை ஊசி போட வேண்டுமா?

"5 வருடமாக ஓசிடி (ஒரே பயம் விடாமல் திரும்பத் திரும்ப வரும் மனநோய்) இருக்கிறது. எனக்கு ரேபிஸ் பயம். நாய் பக்கத்தில் போனாலே எச்சில் தெறித்திருக்குமோ என்று தோன்றும். கடித்ததாகப் பொய் சொல்லி இரண்டு முறை முழுசாக ஊசி போட்டுக்கொண்டேன். போன வாரம் தெருவில் தேங்கிய மழைத் தண்ணீரில் நாய் நடந்தது, அதே தண்ணீர் என் காலிலும் பட்டது. மனைவியும் அதைத் தாண்டித்தான் வந்தாள், காலைக் கழுவிவிட்டுச் சமைக்கப் போய்விட்டாள். மறுபடி போட வேண்டுமா? என்னால் மகளுக்கு ஏதாவது வந்துவிடுமா? நிஜமாகவே நோய் வந்தால் எனக்கு எப்படித் தெரியும்? ஓசிடிக்குக் கொடுத்த செர்ட்ராலின் மாத்திரையை 4 மாதம் முன்பு நானே நிறுத்திவிட்டேன், தூக்கத்துக்கு மட்டும் மெடிக்கலில் அல்பிரசோலம் வாங்கிப் போடுகிறேன். சில நாள் இப்படி இருப்பதற்குச் செத்துவிடலாம் போல இருக்கிறது."
- 34 வயது வாசகர், ஈரோடு

கடைசி வரியிலிருந்து ஆரம்பிக்கிறேன். மழைத் தண்ணீரைப் பற்றி அவ்வளவு விவரமாக எழுதிவிட்டு, அந்த ஒரு வரியைப் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு மொத்தக் கடிதத்திலும் கவலை தருவது அதுதான். ஓசிடி உள்ளவர்களுக்குச் சாவு பற்றிய நினைப்பு இரண்டு விதமாக வருவதுண்டு. மாடியில் நிற்கும்போது 'குதித்துவிடுவேனோ' என்று திடுக்கென வந்து பதற வைப்பது ஒன்று. ஓய்ந்துபோய் 'இனி போதும்' என்று தோன்றுவது இன்னொன்று. உங்களுடையது இரண்டாவது மாதிரித் தெரிகிறது. எது என்று நீங்களே உட்கார்ந்து பிரித்துப் பார்க்க வேண்டாம், அதுவே இன்னொரு சோதனையாகி உங்களை இரவெல்லாம் விழிக்க வைக்கும். இன்றைக்கே மனைவியிடம் சொல்லுங்கள். இந்த வாரத்துக்குள் மனநல மருத்துவரைப் பாருங்கள், உள்ளே போனதும் நாயைப் பற்றிப் பேசாமல் முதலில் இதைச் சொல்லுங்கள். எப்படிச் சாகலாம் என்று யோசிக்கிற அளவுக்குப் போயிருந்தால் வாரம் கணக்கெல்லாம் கிடையாது, தனியாக இருக்காமல் ஒருவரைக் கூட்டிக்கொண்டு உடனே அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். நடு ராத்திரியில் பேச ஆள் வேண்டுமென்றால் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ். இலவசம், தமிழிலேயே பேசலாம்.

சரி, நாய். இதை ஒரே ஒரு முறை சொல்கிறேன். காயமில்லாத தோலில் நாய் நேராக நக்கினாலே தடுப்பூசி தேவையில்லை என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் விதி. கடி, நகக் கீறல், காயம் பட்ட தோலிலோ கண்ணிலோ வாயிலோ எச்சில் படுவது, இவைதான் கணக்கு. நாய் நடந்த தண்ணீர் இதில் எதிலும் சேராது. ஊசி வேண்டாம். மகளுக்கும் ஒன்றும் வராது. நாளைக்கு நிஜமாகவே ஒரு நாய் கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஏற்கெனவே முழுசாகப் போட்டவர் என்பதால் அன்றைக்கு ஒன்று, மூன்று நாள் கழித்து ஒன்று என இரண்டு ஊசிதான் இருக்கும். ஆனால் கடித்தது என்று இன்னொரு முறை பொய் சொல்லாதீர்கள். அந்த ஊசி உங்களை ரேபிஸிலிருந்து காப்பாற்றவில்லை, ஏனென்றால் ரேபிஸ் உங்கள் பக்கத்திலேயே வரவில்லை. அது உங்கள் பயத்துக்கு நீங்கள் போட்ட தீனி.

நீங்கள் உண்மையில் பயப்படுவது 'நிஜமாக வந்தால் எப்படித் தெரியும்' என்ற கேள்வியைத்தான். என்னிடம் வரும் ஓசிடிக்காரர்கள் எல்லோரும், எய்ட்ஸ் பயம் இருப்பவரோ கேன்சர் பயம் இருப்பவரோ, கடைசியில் வந்து நிற்கிற இடம் இதுதான். கடி என்பது நடப்பது. வலிக்கும், துள்ளுவீர்கள், பல் பட்ட இடம் தெரியும், நீங்கள் தேடிப் போகாமலே அது தெரிந்துவிடும். ஓசிடி அப்படி வருவதில்லை. அது 'ஒருவேளை' என்று ஆரம்பிக்கும், ஒன்றும் நடக்காமல் வீட்டுக்கு வந்து சாப்பிட்டு முடித்த பிறகு, தெருமுனையில் அந்த நாய் எவ்வளவு தூரத்தில் நின்றது, காலில் கொசுக்கடி ஏதும் இருந்ததா என்று பின்னால் போய் நினைவைத் தோண்ட வைக்கும். தோண்டினால்தான் கிடைக்கிறது என்றால் அதற்கு மருத்துவம் ரேபிஸ் ஊசி இல்லை.

நூற்றுக்கு நூறு நிச்சயம் வேண்டும் என்று கேட்டீர்களானால் அதை என்னால் தர முடியாது. உங்கள் மனைவிக்கும் அது கிடையாது. அவரும் அதே தண்ணீரைத் தாண்டித்தான் வந்தார், காலைக் கழுவிவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தார். நிச்சயம் இல்லாமலே அவரால் இருக்க முடிகிறது, உங்களால் முடியவில்லை, நோய் அந்த இடத்தில்தான் இருக்கிறது.

நிச்சயம் இல்லாமல் இருக்கப் பழகிக்கொள்ள ஒரு சிகிச்சை இருக்கிறது. 1966-இல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் தொடங்கி வைத்த வழி. பயப்படுகிற பொருளை நெருங்குவது, அதற்குப் பிறகு கழுவாமல், கேட்காமல், கூகுள் பார்க்காமல் அந்தப் பதற்றத்தோடு அப்படியே இருப்பது. உங்களுக்கு அது அந்தத் தெருவில் செருப்போடு நடந்துவிட்டு வந்து, எல்லோரையும் போல ஒரு நிமிடம் மட்டும் காலைக் கழுவுவதாக இருக்கலாம். முதல் சில நாள் நெஞ்சு படபடக்கும், வேண்டாம் என்று தோன்றும். தொடர்ந்து செய்யச் செய்யத்தான் குறையும். இந்தச் சிகிச்சை தெரிந்த மனநல மருத்துவரோ உளவியலாளரோ கூட இருந்து, சின்னப் படியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அப்புறம், 'என்மேல் படவில்லைதானே' என்று மனைவியிடம் ஒரு நாளைக்கு எத்தனை முறை கேட்கிறீர்கள்? எழுதவில்லை, ஆனால் கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அவர் அன்பினால் சொல்கிற ஒவ்வொரு 'படவில்லை'யும் அடுத்த கேள்வியைக் கொண்டுவரும். அவரையும் டாக்டரிடம் கூட்டிப் போங்கள், எப்படிப் பதில் சொல்லாமல் இருப்பது என்று அவரும் கற்றுக்கொள்ள வேண்டும்.

மாத்திரை விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. செர்ட்ராலினுக்கு யாரும் அடிமையாவதில்லை, அதை நிறுத்திவிட்டீர்கள். பழக்கமாகிவிடக் கூடியது அல்பிரசோலம், அதைச் சீட்டில்லாமல் கடையில் வாங்கிப் போடுகிறீர்கள். தினமும் போட்டு வந்திருந்தால் அதைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது, வலிப்பு வரலாம், டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். செர்ட்ராலினையும் பழைய அளவிலேயே நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். ஓசிடிக்கு அது வேலை செய்ய 8 முதல் 12 வாரம் பிடிக்கும், மனச்சோர்வுக்குத் தருவதைவிட அளவும் பெரும்பாலும் கூடுதலாக வேண்டியிருக்கும், சரியான பிறகும் குறைந்தது ஒரு வருடமாவது தொடர வேண்டும். இதெல்லாம் எதிரில் உட்கார வைத்துப் பார்த்து முடிவு செய்கிற விஷயம். பணம் பிரச்சினை என்றால் மாவட்ட அரசு மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது.

இந்தப் பதிலை போனில் சேமித்து வைத்துப் பயம் வரும்போதெல்லாம் எடுத்துப் படிக்காதீர்கள், இதுவும் மூன்றாவது ஊசி மாதிரி ஆகிவிடும். மழைத் தண்ணீரைப் பற்றி மறுபடி எழுதினால் நான் பதில் தர மாட்டேன். மனநல மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்து, அந்தக் கடைசி வரியை அவரிடம் சொல்லிவிட்டேன் என்று எழுதுங்கள். அந்தக் கடிதத்துக்காகக் காத்திருப்பேன்.