ஊழியரின் வேலைத்திறனை அதிகம் பாதிப்பது ஊக்கமா, ஒழுங்கா?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஆறு வருடம் லைன் சூப்பர்வைசராக இருந்தவன் நான். இரண்டையும் பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை. ஒழுங்கு என்ற பெயரில் வைத்த ஒரு விதியே வேலை செய்யும் ஆசையைக் கொன்றதை நேரில் பார்த்திருக்கிறேன்.

காலை எட்டரைக்குப் பத்து நிமிடம் பிந்தினாலும் கால் ஷிப்ட் சம்பளம் பிடிப்பார்கள். பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் "எப்படியும் காசு போச்சு" என்று அன்றைக்கு வராமலே இருந்துவிடுவார்கள். ஓரம் தைக்கும் ஓவர்லாக் மெஷினில் ஒருவர் இல்லையென்றால் அவருடைய இடத்தில் பீஸ் குவியும், அடுத்த வேலையைச் செய்யும் பேட்லாக் மெஷின் டெய்லர் சும்மா உட்கார்ந்திருப்பார். அவருக்குப் பீஸ் ரேட், தைத்த பீஸுக்குத்தான் கூலி. நேரத்துக்கு வந்தும் சனிக்கிழமை கையில் வாங்கும் சம்பளம் குறைந்துவிடும். வராத நேரத்துக்கு மேல் சம்பளம் பிடிக்கக் கூடாது என்று 1936ஆம் ஆண்டுச் சம்பளப் பட்டுவாடாச் சட்டமே சொன்னது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

ஒருநாள் டார்கெட் முடியவில்லை என்று சத்தம் போட்டேன். மூத்த டெய்லர் அக்கா ஒருவர், "ஏனுங்க தம்பி, கட்டிங்ல இருந்து பண்டல் பத்து மணிக்கு வந்தா அது எங்க தப்புங்களா?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. எட்டரை மணி என்ற ஒழுங்கு டெய்லருக்கு மட்டும்தான் இருந்தது, கம்பெனிக்கு இல்லை.

முதலாளியிடம் பேசிப் பேசி, பிந்திய நிமிடங்களுக்கு மட்டும் பிடித்தம் என்று மாற்றினோம். வெட்டிய துணிப் பண்டலை முந்தின நாள் மாலையே லைனுக்குக் கொண்டுவந்து வைத்தோம். சும்மா உட்காரும் நேரம் குறைந்தது, வருகையும் கூடியது.

அமெரிக்காவில் இதைவிடப் பெரிய உதாரணம் உண்டு. கலிபோர்னியாவின் ஃப்ரீமாண்டில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் கார் ஆலை, ஆட்கள் வராமைக்கும் தரக்குறைவுக்கும் பேர்போனது. 1982இல் மூடப்பட்டது. 1984இல் டொயோட்டாவும் சேர்ந்து அதைத் திரும்பத் திறந்தபோது எடுத்த தொழிலாளர்களில் பெரும்பாலோர் அதே பழைய ஆட்கள்தான். பலரை ஜப்பானுக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்தார்கள். கோளாறைப் பார்த்தால் எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்து லைனை நிறுத்தலாம். வராதோர் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது, தரமும் உயர்ந்தது. வேலை முறை கண்டிப்பானதுதான். ஆனால் அந்தக் கண்டிப்பு நல்ல காரைச் செய்யத் தங்களுக்கு உதவுகிறது என்று அவர்களுக்குத் தெரிந்தது.

எங்கள் லைனில் திங்கட்கிழமை ஆட்கள் லீவு போடுவது மட்டும் கடைசி வரை நிற்கவில்லை. சனிக்கிழமை சம்பளம் வாங்கி ஊருக்குப் போகிறவர்களுக்கு ஞாயிறு ஒருநாள் போதவில்லை. அதற்கு எனக்கு வழி தெரியவில்லை.