ஜிஇபி இடம் கேட்கும் முன் அவன் தேர்வுத்தாளை எடுத்துப் பாருங்கள்

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகன் தொடக்கநிலை மூன்று, ஆங்கிலத்தில் 58, கணிதத்தில் 64, ஆனால் வீட்டில் கிரகங்களைப் பற்றி ஓயாமல் கேட்கிறான், அதனால் எப்படியாவது ஜிஇபியில், அதாவது சிங்கப்பூர்க் கல்வி அமைச்சின் மிகுதிறன் பிள்ளைகளுக்கான திட்டத்தில், சேர்த்துவிட வேண்டும், தனியாக ஐக்யூ தேர்வு எடுத்து அறிக்கையோடு போய் நிற்கலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம். அமைச்சின் தேர்வையும் பள்ளி ஆசிரியர்களின் கணிப்பையும் வைத்துத்தான் பிள்ளைகளை எடுப்பார்கள், அந்த அறிக்கைக்குக் கொடுக்கும் பணத்துக்கு வேறு நல்ல செலவு இருக்கிறது.

முதலில் ஒன்று. நீங்கள் மனத்தில் வைத்திருக்கும் ஜிஇபி, 1984இல் தொடங்கி, இரண்டு கட்டத் தேர்வில் ஏறக்குறைய ஒரு விழுக்காட்டுப் பிள்ளைகளைப் பொறுக்கி 9 பள்ளிகளில் சேர்த்த அந்தத் திட்டம், இனி அப்படியே இருக்காது. 2024 ஆகஸ்ட்டில் தேசிய தினப் பேரணியில் பிரதமர் லாரன்ஸ் வோங் இதை அறிவித்தார். 2024இல் தொடக்கநிலை ஒன்றில் சேர்ந்த அணியிலிருந்து, அதாவது உங்கள் மகன் அணியிலிருந்தே, புது முறை. ஒரே கட்டத் தேர்வு. ஒவ்வொரு தொடக்கப்பள்ளியும் தன் மிகுதிறன் மாணவர்களுக்குத் தானே திட்டம் நடத்தும். இன்னும் கூடுதலாக வேண்டிய பிள்ளைகளுக்குச் சுமார் 15 பள்ளிகளில் வகுப்பு முடிந்தபின் பாடங்கள் இருக்கும். உங்களுக்கு முக்கியமானது இதுதான்: நான்கு, ஐந்து, ஆறு என்று பின்னாலும் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வார்கள். இந்த ஆண்டோடு கதவு சாத்தப்படவில்லை.

சரி, மதிப்பெண்ணுக்கு வருவோம். 64 என்ற எண்ணை வைத்துக்கொண்டு கவலைப்படுவதை விட்டுவிட்டு, தேர்வுத்தாளை அவனோடு உட்கார்ந்து ஒருமுறை புரட்டுங்கள். மதிப்பெண் எங்கே போனது? கூட்டல் பெருக்கலில் போயிருந்தால் அது பயிற்சிக் குறை, சரியாகிவிடும். நான்கு வரி வாக்கியக் கணக்கில்தான் போயிருக்கிறது என்றால், அவனுக்குக் கணக்கு வருகிறது, கேள்வியின் ஆங்கிலம்தான் பிடிபடவில்லை என்று அர்த்தம், ஆங்கில மதிப்பெண்ணும் அதையே சொல்கிறது. அதே கணக்கைத் தமிழில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், டக்கென்று போடுகிறானா? போட்டால் அவனுக்கு வேண்டியது தினம் அரை மணி நேரம் ஆங்கில வாசிப்பு, கிரகங்களைப் பற்றிய புத்தகமாகவே இருக்கட்டும், நூலகத்தில் கொட்டிக் கிடக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். வாயால் அருமையாகச் சொல்லும் பிள்ளை எழுதும்போது எழுத்துகளை மாற்றிப் போடுகிறானா, ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கிறானா? அப்படியென்றால் டிஸ்லெக்சியா என்கிற வாசிப்புக் குறைபாடு இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கும் அது இருக்கும், கெட்டிக்காரத்தனம்தான் அதைப் பல வருடம் மறைத்தும் வைக்கும். கண் பரிசோதனையும் செய்துவிடுங்கள்.

ஜிஇபி பயிற்சி நிலையத்தில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் போட்டிருப்பதை நிறுத்துங்கள். கோபப்படாதீர்கள். அடிப்படை ஆங்கிலத்தில் தடுமாறும் எட்டு ஒன்பது வயதுப் பிள்ளையை வாராவாரம் புதிர்த்தாள்களின் முன் உட்கார வைத்தால், 'எனக்கு வராது' என்ற நினைப்புதான் அவனுக்குள் ஊறும். கிரகங்களைப் பற்றிக் கேட்பதையும் விட்டுவிடுவான், எனக்கு அந்தப் பயம்தான் பெரிது.

அடுத்த பெற்றோர்-ஆசிரியர் சந்திப்பில் இடம் கேட்காதீர்கள். 'வகுப்பில் இவன் எப்போது கையைத் தூக்குகிறான், எந்த வேலையில் சோர்ந்துபோகிறான்' என்று வகுப்பாசிரியரிடம் கேளுங்கள், பள்ளி நடத்தப்போகும் திட்டத்தில் அறிவியல் பக்கம் என்ன இருக்கிறது என்றும் கேளுங்கள். அவர் சொல்வதைக் குறித்துக்கொண்டு, அந்தக் கணிதத் தாளின் படத்தோடு எனக்கு அனுப்புங்கள்.