மஞ்சள் குள்ள ஐரிஸ் இரண்டாம் வருடம் ஏன் பூக்கவில்லை?

கேள்வி: ரொறன்ரோவுக்கு வடக்கே, மார்க்கம் பக்கம் கால் ஏக்கர் குத்தகைக்கு எடுத்து மரக்கறியும் பூக்கன்றும் செய்கிறேன். வசந்தகாலச் சந்தைக்கென்று போன வருடத்துக்கு முந்திய செப்டம்பரில் குள்ள ஐரிஸ் கிழங்குகள் நட்டேன். மஞ்சள் டான்ஃபோர்டியே 200, நீல ரெட்டிகுலாட்டா 200, இன்னொரு சின்னப் பெட்டி ஹிஸ்ட்ரியாய்டிஸ். முதல் ஏப்ரலில் எல்லாம் வடிவாகப் பூத்தன. இந்த வருடம் மஞ்சளில் புல்லு மாதிரி இலை மட்டும்தான். நீலத்தில் ஒரு மூலை பழுத்துப் படுத்துவிட்டது. கிண்டிப் பார்த்தால் கிழங்கில் கறுப்புக் கறை. எலும்புத்தூள் போடும்படி கடைக்காரர் சொல்கிறார். எவ்வளவு போட வேண்டும்? சின்னப் பெட்டியில் வந்த பூ வெளிர்நீலத்தில் மஞ்சள் பூசி, கருநீலக் கோடும் புள்ளியுமாக இருக்கிறது. அது ஹிஸ்ட்ரியாய்டிஸ்தானா? மலையில் தோண்டிய அசல் கிழங்கென்று இணையத்தில் விற்கிறார்கள், வாங்கலாமா? கோடையில் அதே பாத்தியில் தக்காளியும் வெண்டியும் வைப்பதால் இடம் வீணாகவில்லை.

பதில்: தங்கச்சி, எலும்புத்தூள் ஒரு கரண்டிகூட வேண்டாம். மஞ்சள் பூக்காததற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒன்ராறியோவில் அதைப் போட்டால் அந்த வாசத்துக்கு ஸ்கங்கும் ரக்கூனும் வந்து பாத்தியைக் கிளறும். மீதிக் கிழங்கும் போய்விடும்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு. பூ முடிந்த பிறகு இந்தக் கிழங்கு கோடையில் எப்படி இருக்க வேண்டும் என்பதுதான் அது. அதற்கான விடை உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலேயே இருக்கிறது. தக்காளிக்கும் வெண்டிக்கும் ஜூலை, ஆகஸ்டில் நாள் தவறாமல் தண்ணீர் விடுகிறீர்கள். அதே தண்ணீரில் ஐரிஸ் கிழங்கு ஊறிக்கொண்டிருக்கிறது.

இவற்றின் பிறந்த இடத்தை யோசித்துப் பாருங்கள். துருக்கி, காக்கேசியா, வட ஈராக், ஈரான் மலைச்சரிவுகள். குளிர்காலம் முழுக்க மேலே பனி கிடக்கும். பனி உருகும் ஓரத்திலேயே, தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே பூக்கும். அப்புறம் சில வாரம் இலை. ஜூன் பிறந்தால் நிலம் சுட்டுக் காய்ந்து, இலையுதிர்கால மழை வரை அப்படியே கிடக்கும். நிலம் அப்படிக் காய்வதில்தான் கிழங்கு முற்றி, அடுத்த பூவை உள்ளே கட்டுகிறது. தெற்கு ஒன்ராறியோவிலோ கோடையிலும் மாதம் 70, 80 மில்லிமீட்டர் மழை. அதுவே கூடுதல். அதற்கு மேல் நாமும் குழாயைத் திறந்துவிட்டால், குளிரை அலட்சியமாகத் தாங்குகிற கிழங்கு ஈரத்தில் செத்துப்போகும்.

ஆகவே ஐரிஸுக்குத் தனிப் பாத்தி வேண்டும். ஓரடி உயர மேட்டுப்பாத்தியாக, மண்ணில் மூன்றில் ஒரு பங்கு பருமணலும் குறுணிக்கல்லும் கலந்து, முழு வெயிலில் போடுங்கள். கோடையில் அதில் எதுவும் நடக்கூடாது. இடம் சும்மா கிடக்கிறதே என்று மனம் அடித்துக்கொள்ளும். கிடக்கட்டும். அது சும்மா கிடப்பதுதான் அந்தப் பயிருக்கு நீங்கள் செய்கிற பண்டுவம். களிமண்ணை மாற்ற முடியாதென்றால் இன்னொரு வழி உண்டு: இலை முழுதும் பழுத்த பிறகு, ஜூன் கடைசியில் கிண்டி எடுத்து, வலைப்பையில் போட்டு, காற்றாடும் நிழலில் தொங்கவிட்டு, செப்டம்பர் கடைசியில் திரும்ப நடுங்கள். இந்த இரண்டில் ஒன்றைச் செய்யாமல் எந்தப் பசளை போட்டும் பிரயோசனமில்லை.

பசளை என்றால் இலை பச்சையாக இருக்கும்போது மட்டும்தான். பழைய கிழங்கு ஒவ்வொரு வருடமும் கரைந்து, அதே இடத்தில் புதுக் கிழங்கு உருவாகிறது. அதைக் கட்டுவது பூ முடிந்த பிறகு ஒரு முழத்துக்கு நெருக்கமாக நீளும் அந்த இலைகள்தான். தக்காளிக்குக் கொடுக்கும் பொட்டாஷ் கூடிய திரவப் பசளையைப் பாதி வலுவில் கரைத்து, பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒருக்கால் ஊற்றுங்கள். பார்வைக்கு நன்றாயில்லை என்று பச்சை இலையை நறுக்காதீர்கள், முடிச்சும் போடாதீர்கள்.

இதெல்லாம் செய்தாலும் டான்ஃபோர்டியே உங்களைச் சோதிக்கும். பூத்து முடிந்ததும் அரிசி மணி அளவுக் குட்டிகளாக உடைவது அதன் சுபாவம். அந்தக் குட்டிகள் மறுபடி பூக்கும் அளவுக்கு வளர மூன்று நான்கு வருடமாகும். நீங்கள் பார்த்த புல் இலை அந்தக் குட்டிகளின் இலைதான். கடைகளில் விற்கும் டான்ஃபோர்டியே மும்மடி நிறமூர்த்தம் கொண்ட (மரபுப் பொருள் இரண்டு தொகுதிக்குப் பதில் மூன்று தொகுதியாக உள்ள) மலடு, விதையும் கட்டாது. 15 சென்ரிமீட்டர் ஆழத்தில் நட்டால் உடைவது ஓரளவு குறையும். இது கிழங்கு விற்கிற எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் பெட்டியில் ‘பல ஆண்டு பூக்கும்’ என்று அச்சடித்து, செப்டம்பர்தோறும் அதே ஆளுக்கு அதே கிழங்கை விற்கிறார்கள். ‘இது ஒரு வருடப் பூ’ என்று முகத்துக்கு நேரே சொல்லும் வியாபாரியிடம் வாங்குங்கள். மற்றவருக்கு உங்கள் காசு போகவேண்டாம்.

கறுப்புக் கறை மை நோய். ஒரு கிழங்கை எடுத்து நார்வலை போன்ற மேல்தோலை நகத்தால் உரியுங்கள். நல்ல கிழங்கு வெள்ளையாக, இறுக்கமாக இருக்கும். நோய் பிடித்ததில் மை கசிந்த மாதிரிக் கறுப்புத் தீற்றல் தோலிலிருந்து சதைக்குள் இறங்கியிருக்கும். முற்றினால் உள்ளே கரித்தூள்தான். இது மண்ணில் தங்கும் பூஞ்சணம். மருந்தில் தோய்த்துக் குணமான கிழங்கை நான் பார்த்ததில்லை. அந்த மூலையில் உள்ளவற்றை மண்ணோடு அள்ளிக் குப்பைக்கு அனுப்புங்கள், உரக்குவியலில் போடாதீர்கள். கறையில்லாதவற்றை வேறு மண்ணுக்கு மாற்றுங்கள். ஈரக் கோடை இதற்கும் துணை போகிறது.

சின்னப் பெட்டியில் வந்தது தனி ஹிஸ்ட்ரியாய்டிஸ் இல்லை. நீங்கள் சொல்லும் நிறம் அச்சாக ‘கேத்தரின் ஹொட்ச்கின்’. இங்கிலாந்தில் இ. பி. அண்டர்சன் என்ற தோட்டக்காரர், வினோகிராடோவியை என்ற மஞ்சள் குள்ள ஐரிஸையும் ஹிஸ்ட்ரியாய்டிஸையும் சேர்த்து எடுத்த கலப்பு அது. உங்களுக்கு அடித்த அதிர்ஷ்டம். காக்கேசியாவில் உள்ள ஜோர்ஜியா நாட்டின் மலைப் புல்வெளியில் கோடையிலும் ஈரம் காணும் வினோகிராடோவியையின் குணம் இதில் இருப்பதால், மற்றவை சாகும் இடத்திலும் இது குட்டி போட்டுப் பெருகும்.

இனம் காண நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், இலையைத் தொட்டுப் பாருங்கள். ரெட்டிகுலாட்டா இலையை விரலுக்கிடையில் உருட்டினால் நான்கு விளிம்பும் தட்டுப்படும். பேக்கரியானா என்ற இன்னொரு குள்ள ஐரிஸில் எட்டு வரி, ஏறக்குறைய உருண்டை. ஹிஸ்ட்ரியாய்டிஸ் பூக்கும்போது இலை மண்ணுக்கு மேல் சும்மா எட்டிப்பார்க்கும், அவ்வளவுதான். மஞ்சள் பூவில் நிமிர்ந்து நிற்க வேண்டிய மூன்று இதழும் மயிர் போலச் சுருங்கியிருந்தால் டான்ஃபோர்டியே. அகலமாக நின்றால் வினோகிராடோவியை, இல்லாவிட்டால் கலப்பு. உங்கள் ரொறன்ரோவிலேயே அலன் மக்மேர்ட்ரி, துருக்கியிலிருந்து கொண்டுவந்த விதை கட்டும் டான்ஃபோர்டியேயை வேறு இனத்தோடு சேர்த்துப் பல புதுக் கலப்புகளை எடுத்திருக்கிறார்.

மலையில் தோண்டிய கிழங்கை வாங்கவே வேண்டாம். விதையிலிருந்து பூ வர மூன்று முதல் ஐந்து வருடம் எடுக்கும் செடி இது. ஒரு சரிவைக் கிண்டிவிட்டால் அந்த இடம் எழும்ப எத்தனை காலம் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். அப்படித் தோண்டி விற்பது களவு. காட்டு இனம் வேண்டுமென்றால் பாறைத்தோட்டச் சங்கங்களின் விதைப் பரிமாற்றத்தில் கேளுங்கள்.

சந்தைக்கு இனி ‘கேத்தரின் ஹொட்ச்கின்’தான் உங்கள் முதல் பயிர். ஜூன் கடைசியில் கிண்டி, பெரியவற்றைச் சட்டிக்கும் குட்டிகளை மேட்டுப்பாத்திக்கும் பிரியுங்கள். ஒக்டோபரில் 12 சென்ரிமீட்டர்ச் சட்டிக்கு ஐந்து கிழங்கு வைத்து, சூடாக்காத கராஜில் உறையாமல் குறைந்தது 13 வாரம் குளிரில் விடுங்கள். பிறகு வெளிச்சத்துக்கு எடுத்தால் இரண்டு மூன்று வாரத்தில் பூ. மொட்டு நிறம் காட்டும் அன்றே சந்தைக்குக் கொண்டுபோங்கள். விரிந்தால் ஒரு கிழமைதான் நிற்கும்.