மாடித்தோட்டம் கேள்வி பதில்: அன்னாசிக் கொண்டை ஏன் அழுகுகிறது?

கேள்வி: அன்னாசிப் பழத்தின் கொண்டையை நறுக்கி மூன்று முறை தொட்டியில் நட்டுவிட்டேன். ஒவ்வொரு முறையும் இரண்டே வாரத்தில் அடிப்பகுதி கொழகொழத்துப் புளித்த வாடை அடிக்கிறது. தினமும் தவறாமல் தண்ணீர் ஊற்றியும் இப்படி ஆவது ஏன்? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: தினமும் ஊற்றிய தண்ணீரும், கொண்டையின் அடியில் ஒட்டியிருந்த பழச் சதையும் சேர்ந்துதான் அதை அழுக வைத்திருக்கின்றன. கத்தியால் நறுக்கும்போது விரல் கனத்துக்காவது சதை ஒட்டிக்கொண்டே வரும். அந்தச் சதையில் இருக்கும் சர்க்கரை ஈர மண்ணுக்குள் போனவுடன் புளிக்கத் தொடங்குகிறது. ஆகவே அடுத்த முறை கத்தியை எடுக்காதீர்கள். ஒரு கையால் பழத்தையும் மறு கையால் கொண்டையையும் இறுகப் பிடித்துத் திருகினால், நன்கு பழுத்த பழத்தில் கொண்டை தண்டோடு சுத்தமாகக் கழன்று வந்துவிடும். பிறகு அடி இலைகளை ஒவ்வொன்றாகக் கீழ்நோக்கி இழுத்து உரித்து, ஓர் அங்குலத் தண்டு வெளியே தெரியும்படி செய்யுங்கள். உரித்த இடத்தை வெளிச்சத்தில் பாருங்கள். தண்டைச் சுற்றிக் கடுகு ஒட்டியதுபோலப் பழுப்பு நிறப் புள்ளிகள் இருக்கும். வேர் கிளம்பப்போகும் இடங்கள் அவைதாம். சில சமயம் அங்கே சிறு வேர்கள் சுருண்டு கிடப்பதையும் காணலாம்.

உரித்த கொண்டையை உடனே நட வேண்டாம். நிழலில், காற்றுப் படும் இடத்தில் நான்கைந்து நாள் தலைகீழாகக் கிடத்தி, காயம் உலர்ந்து தோல்போல இறுகிய பின்பு நடுங்கள். கொண்டை வாடிவிடுமோ என்று அஞ்சத் தேவையில்லை. பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து வைத்து நீரை இழக்கின்றன. அன்னாசியோ பெரும்பாலும் இரவில் திறந்து கரியமில வாயுவை உள்ளே சேர்த்துக்கொண்டு, பகல் வெயிலில் துளைகளை மூடிக்கொள்கிறது. குறைந்த நீரில் வாழும் இந்தச் செடிக்கு நாள்தோறும் தண்ணீர் ஊற்றுவதுதான் கேடு.

தஞ்சைப் பகுதியின் களிமண்ணை அப்படியே தொட்டியில் நிரப்பினால் நீர் தேங்கும். செம்மண், ஆற்று மணல், மட்கிய தொழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்து, அடியில் துளையுள்ள 12 அங்குலத் தொட்டியில் நிரப்புங்கள். உரித்த தண்டு மட்டும் மண்ணுக்குள் இருக்க வேண்டும். குருத்துக்குள் மண் விழக்கூடாது. மேல்மண் ஓர் அங்குலம் காய்ந்த பின்பு தண்ணீர் விட்டால் போதும். முதல் மாதம் இளநிழலிலும், அதன்பின் ஆறு மணி நேரமாவது வெயில் படும் இடத்திலும் வையுங்கள். இரண்டு மாதம் கழித்து இலையை மெல்ல இழுத்துப் பாருங்கள்; பிடித்துக்கொண்டு நின்றால் வேர் விட்டுவிட்டது.

கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் வேர்விடச் செய்யும் முறையும் உண்டு. ஆனால் தண்ணீரை ஒன்றுவிட்டு ஒரு நாள் மாற்றாவிட்டால் கொசுப்புழு பெருகும் என்பதால், நான் மண்ணையே சொல்வேன்.

இன்னொன்று: அன்னாசி புளிப்பான மண்ணை விரும்பும் செடி. உப்புத்தன்மையும் சுண்ணாம்பும் மிகுந்த போர்வெல் தண்ணீரையே ஊற்றிவந்தால், இரும்புச் சத்து கிடைக்காமல் இளம் இலைகள் வெளுக்கும். அப்போது லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) கரைத்து மாலையில் இலைகளின் மேல் தெளியுங்கள். முடிந்தபோதெல்லாம் மழைநீரைச் சேமித்து ஊற்றுங்கள்.

கேள்வி: கொண்டையிலிருந்து வளர்த்த செடிக்கு இரண்டரை வயது ஆகிறது. நாற்பது இலைகள் இருந்தும் பூக்கவில்லை. குருத்தில் கார்பைடு கல் போடச் சொல்கிறார்கள், போடலாமா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: போட வேண்டாம். கார்பைடு கல் தண்ணீர் பட்டதும் அசெட்டிலீன் வாயுவை விடுகிறது, அந்த வாயு பூக்கத் தூண்டுகிறது என்பது உண்மையே. ஆனால் எளிதில் தீப்பற்றும் வாயுவை வீட்டு மாடியில் கையாள்வது ஆபத்து.

கொண்டையிலிருந்து வந்த செடி பூக்க இரண்டு ஆண்டுகள் ஆவது இயல்புதான். பக்கக் கன்றை நட்டால் இதைவிடச் சீக்கிரம் பூக்கும். உங்கள் செடி பூக்கும் பருவத்தை அடைந்துவிட்டதால், அசெட்டிலீனைப் போலவே பூக்கத் தூண்டும் எத்திலீன் வாயுவை வேறு வழியில் கொடுக்கலாம். புகை பட்ட அன்னாசிச் செடிகள் ஒரே சமயத்தில் பூப்பதை அசோர்ஸ் தீவுகளின் கண்ணாடிக் குடில்களில் 19ஆம் நூற்றாண்டிலேயே கவனித்தார்கள். புகையிலிருந்த எத்திலீன்தான் காரணம். நன்கு கனிந்த வாழைப்பழத்திலிருந்தும் அதே வாயு வெளியேறுகிறது. குருத்தில் தேங்கிய நீரைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, கனிந்த பழங்கள் இரண்டை அடித்தண்டின் அருகே வைத்து, செடி முழுவதையும் பெரிய பாலிதீன் பையால் மூடித் தளரக் கட்டி, நான்கு நாள் நிழலில் வையுங்கள். வெயிலில் வைத்தால் பைக்குள் செடி வெந்துவிடும். பலன் கிடைத்தால் இரண்டு மாதத்துக்குள் குருத்தின் நடுவே செந்நிறம் தெரியும். பிறகு ஊதா நிறச் சிறு பூக்கள் கீழிருந்து மேலாக மலரும். அவை ஒவ்வொன்றும் பழத்தின் ஒரு கண்ணாக மாறும். அதன்பின் பழுக்க ஐந்தாறு மாதங்கள் ஆகும். பறித்த பின்பு அன்னாசியின் இனிப்புக் கூடுவதில்லை. ஆகையால் அடிப்பாதியாவது மஞ்சளாகும்வரை பொறுங்கள்.

கேள்வி: பழம் பறித்த செடியைப் பிடுங்கிவிடலாமா? (வாசகி, சேலம்)

பதில்: உடனே பிடுங்க வேண்டாம். அந்தத் தண்டு மறுபடி காய்க்காது என்றாலும், அதன் பக்கத்தில் கன்றுகள் கிளம்பும். அவை ஒரு முழம் வளர்ந்ததும் பிரித்துத் தனித்தொட்டிகளில் நடலாம். அதுவரை இலையிடுக்குகளில் எறும்புச் சாரை இருக்கிறதா என்று பாருங்கள். எறும்பு வந்தால் அடியில் மாவுப்பூச்சி இருக்கும். வேப்பெண்ணெய்க் கரைசலைத் தெளித்து அதை ஒழித்த பின்பே கன்றுகளைப் பிரியுங்கள்.