கேள்வி நேரம்: பரணில் கிடைத்த சாக்கெட்

அப்பா நடத்திய கம்ப்யூட்டர் சென்டரை மூடியபோது பரணில் ஏற்றிய பெட்டியை இப்போதுதான் பிரித்தோம். அதில் பச்சை நிறத்தில் ஒரு சதுரப் பலகை, இரண்டு அங்குலத்துக்கும் குறைவு. கீழே பின்கள், மேலே அதே வரிசையில் துளைகள். ஓரத்தில் மூன்று கால் உள்ள கறுப்பு பார்ட் ஒன்றை அலுமினியத் தகட்டில் திருகியிருக்கிறார்கள். பெயரே இல்லை. இது ப்ராசஸரா, சாக்கெட்டா? – வாசகர், கரூர்

இரண்டுக்கும் நடுவில் உட்கார வேண்டிய பொருள் அது. முதலில் பின்களை எண்ணிவிடுங்கள். பெயர் அழிந்துபோன பார்ட்டுக்கும் பின் கணக்கு அழியாது. பக்கத்துக்கு 17, வெளியிலிருந்து உள்ளே மூன்று வரிசை, நடுவில் காலி, மொத்தம் 168 என்று வந்தால் அது பென்டியத்துக்கு முந்தைய தலைமுறையான 486 ப்ராசஸருக்கானது. பென்டியம் என்றால் பின்கள் ஒன்றுவிட்டு ஒன்று தள்ளித் தள்ளி நிற்கும். முதலில் வந்த 60, 66 மெகாஹெர்ட்ஸ் பென்டியத்தில் மட்டும் நேர் வரிசைதான், ஆனால் 273 பின்.

அந்த மூன்று கால் பார்ட் வோல்டேஜ் ரெகுலேட்டர். ஆரம்பகால 486 மதர்போர்டுகள் ப்ராசஸருக்கு 5 வோல்ட் கொடுத்தன. 1994-இல் இன்டெல் கொண்டுவந்த 100 மெகாஹெர்ட்ஸ் டிஎக்ஸ்4 என்ற 486 வகை ப்ராசஸருக்கு 3.3 வோல்ட்தான் தேவை. ஆனால் பின் அமைப்பு அதே 168! பழைய போர்டில் அழகாக உட்கார்ந்துவிடும். அதனால்தான் நடுவில் வைக்க இந்தப் பலகை வந்தது. குறைக்கிற 1.7 வோல்ட்டை இந்த ரெகுலேட்டர் சூடாகத்தான் வெளியே விட முடியும். ப்ராசஸர் ஒன்றரை ஆம்பியர் அளவுக்கு இழுத்தால் இரண்டு வாட்டுக்கு மேல் சூடு. அலுமினியத் தகடு அதற்காகத்தான்.

இதன் அருமை எனக்குப் பட்டுத்தான் தெரிந்தது. 1995-இல் ஒரு கணக்கு ஆபீஸ் கம்ப்யூட்டரில் டிஎக்ஸ்4-ஐ நேரடியாகப் போட்டுவிட்டேன். உடனே ஆன் ஆனது. பத்து நிமிஷம் நன்றாக ஓடியது. அப்புறம் திரை அப்படியே நின்றது. சிப்பில் விரல் வைக்க முடியவில்லை. ஆற வைத்தும் அது எழவே இல்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அன்றிலிருந்து வோல்ட் பார்க்காமல் எந்தச் சிப்பையும் சாக்கெட்டில் வைத்ததில்லை.

உங்களிடம் இருப்பதை உறுதி செய்ய ஒரு மல்ட்டிமீட்டர் போதும். அதன் குமிழைப் பீப் சத்தம் போடும் இடத்தில் வையுங்கள். மேலே ஒரு துளையில் மெல்லிய கம்பியைச் செருகி, நேர் கீழே உள்ள பின்னைத் தொடுங்கள். முகவரி, டேட்டா, கிரவுண்ட் எல்லாம் நேராகக் கீழே போகும், பீப் கேட்கும். இருபதுக்கும் மேற்பட்ட துளைகளில் மட்டும் சத்தம் வராது. ஆனால் அந்தத் துளைகள் தங்களுக்குள் பீப் கொடுக்கும். ரெகுலேட்டரின் ஒரு காலோடும் கொடுக்கும். அவைதான் பவர் துளைகள். அப்படி அமைந்தால் சந்தேகமே வேண்டாம்.

போர்டில் பொருத்திப் பார்க்க ஆசை வந்தால் மூலையைக் கவனியுங்கள். 168 பின் சதுரம் நான்கு திசையிலும் உட்காரும், சரியான திசை ஒன்றுதான். ஒரு மூலை வெட்டியிருக்கும், அல்லது புள்ளி இருக்கும். ப்ராசஸர், பலகை, போர்டு மூன்றிலும் அது ஒரே பக்கம் வர வேண்டும்.

பென்டியம் 2 மாட்டும் நீளமான ஸ்லாட்டில் செருகுகிற அட்டை ஒன்று இருக்கிறது. ஆனால் அதில் சிப்பே இல்லை, சின்னச் சின்ன ரெசிஸ்டர்கள்தான். உடைந்த பாகமா? – வாசகர், தஞ்சாவூர்

முழுப் பொருள்தான், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இரண்டு ப்ராசஸர் போடும் ஸ்லாட் 1 மதர்போர்டில் ஒன்றை மட்டும் போட்டால், காலியான ஸ்லாட்டில் இதைச் செருக வேண்டும். டெர்மினேட்டர் அட்டை என்பார்கள். கிணற்றுக் கயிற்றை ஒரு முனையில் பிடித்து உதறினால் அலை மறுமுனைக்குப் போய்த் திரும்பி வருமல்லவா? போர்டின் மின் தடத்திலும் சிக்னல் அப்படித் திரும்பி வந்து அடுத்த சிக்னலைக் கெடுக்கும். அந்த முனையில் ரெசிஸ்டர் இருந்தால் அலை அங்கேயே அடங்கிவிடும். இந்த அட்டை இல்லாததால் பல போர்டுகள் ஆன் ஆகாமல் நிற்கும். விஷயம் தெரியாதவர்கள் போர்டே செத்துவிட்டது என்று எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

அட்டையின் நடுவில் வெள்ளைச் சதுர சாக்கெட் இருந்தால் அது வேறு. 370 பின் செலரான் ப்ராசஸரை ஸ்லாட்டில் மாட்ட உதவும் ஸ்லாட்கெட் அது. உங்களுடையது அதுவல்ல.

சீப்பு மாதிரி பல் உள்ள இரும்புத் துண்டு, 386 போர்டோடு கிடைத்தது. எதற்கு? – வாசகர், சேலம்

நெம்புகோல் இல்லாத பழைய சாக்கெட்டிலிருந்து சிப்பைக் கழற்ற. பற்களைச் சிப்புக்கும் சாக்கெட்டுக்கும் இடையில் விட்டு, நான்கு பக்கமும் மாறி மாறி, ஒவ்வொரு முறையும் ஒரு நூல் அளவு மட்டும் தூக்குங்கள். ஒரே பக்கம் நெம்பினால் மறுபக்கப் பின்கள் வளைந்துவிடும். ஸ்க்ரூ டிரைவர் வேண்டவே வேண்டாம், அது சாக்கெட்டுக்கு அடியில் ஓடும் செம்புக் கோட்டைக் கீறிவிடும்.